முதல் அச்சில் ஒரு கீறல்

ஞாயிற்றுக்கிழமை அலுவலகங்களுக்கு விடுமுறை. அதனால் அந்தப் பல மாடி கார் நிறுத்தத்தின் தரைத்தளம் காலியாகக் கிடக்கும். காலை ஏழு மணிக்கு முதல் வேன் வந்து பழைய இசைத்தட்டுப் பெட்டிகளை இறக்கும். எட்டு மணிக்குள் தூணுக்குத் தூண் மடக்கு மேசைகள் முளைத்துவிடும். ஒன்பதரைக்கு மேல் அங்கே நடக்க முடியாது, நகரத்தான் முடியும். அந்த நெரிசலில் யாரை எங்கே சந்திப்பது என்று கேட்டால் எல்லோரும் ஒரே அடையாளத்தைச் சொல்வார்கள்: "பதினாலாம் தூண். ரேகை அக்கா மேசை."

ரேகை அக்காவுக்கு வயது அறுபத்திரண்டு. அவர் மேசையில் விற்க ஒன்றும் இருக்காது. ஒரு சமையலறைத் தராசு, ஒரு பூதக்கண்ணாடி, கழுத்து வளையும் விளக்கு, பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி, அப்புறம் ஒரு அட்டை. அட்டையில் மூன்று வரி: 'விலை சொல்வேன். வாங்க மாட்டேன். அழுதாலும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.' மூன்றாவது வரி பிற்பாடு சேர்ந்தது. ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் அந்தத் தூணில் சாய்ந்து அரை மணி நேரம் தேம்பியதன் விளைவு.

கட்டணம் ஒரு டீ. மதியத்துக்குள் பதினெட்டு டீ சேர்ந்துவிடும். அக்கா டீ குடிக்க மாட்டார். அத்தனையையும் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவருடைய கணவர் குடிப்பார். பதினோரு மணிக்குமேல் அவர் பேச்சின் வேகம் இரட்டிப்பாகிவிடும். அவருக்கு இந்தச் சந்தையில் ஊசி என்று பெயர். காரணம் பின்னால் வருகிறது.

வருகிறவர்கள் தட்டை உறையிலிருந்து உருவி, இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தி, ஜோசியரிடம் கை நீட்டுவது போல நீட்டுவார்கள். பெயர் அப்படித்தான் வந்தது.

"அக்கா, இது முதல் அச்சுதான். அட்டையிலேயே போட்டிருக்கு பாருங்க."

இப்படிச் சொன்னவர் கோட்டுக்காரர். எந்த வெயிலிலும் கோட்டு போட்டிருப்பவர், சந்தையிலேயே பெரிய வியாபாரி. அக்கா தட்டை விளக்கடியில் சாய்த்தார். தட்டின் சுற்று வரிகள் பளபளத்தன. லேபிளைச் சுற்றி விரல் ஓட்டினார். தராசில் வைத்தார். எடுத்தார்.

"அட்டை முதல் அச்சு. தட்டு மூணாவது. யாரோ வீட்டுல மாத்திப் போட்டுட்டாங்க. சட்டை நல்ல சட்டை, உள்ள இருக்கிறது வேற ஆள்."

"எப்படிக்கா சொல்றீங்க? தொட்டுப் பாத்து பத்து செகண்டு ஆகலையே!"

"முதல் அச்சு கனமா இருக்கும். அப்போ பிளாஸ்டிக் மலிவு, அள்ளிப் போட்டாங்க. இது அப்பளம் மாதிரி இருக்கு. போதுமா, இன்னும் அவமானப்படுத்தணுமா?"

கோட்டுக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு டீ வாங்கிவரப் போனார். பின்னாலிருந்து ஊசி கூவினார்: "சர்க்கரை கம்மியா!"

ஏன் இந்த மனிதர்கள் முதல் அச்சுக்கு இப்படி அலைகிறார்கள்? ஒரு இசைத்தட்டு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் பாதி புரியும். பாட்டை முதலில் அரக்கு பூசிய ஒரு மெல்லிய தட்டில், ஊசியால் வரிவரியாக வெட்டுவார்கள். அதன்மேல் நிக்கல் முலாம் ஏற்றி உரித்தால் உலோக அச்சு கிடைக்கும். அந்த அச்சைச் சூடான பிளாஸ்டிக்கின்மேல் அழுத்த அழுத்தத் தட்டுகள் விழும். அச்சு தேயும். தேய்ந்தால் இன்னொன்று செய்வார்கள். முதல் அச்சில் விழுந்த தட்டில்தான் பாட்டு முகம் கழுவிய மாதிரி இருக்கும் என்பது இவர்களின் நம்பிக்கை. அதில் உண்மையும் உண்டு, கொஞ்சம் பைத்தியமும் உண்டு.

எது எந்த அச்சு என்று காட்டிக்கொடுப்பது பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள விரல் அகல வெற்றுப் பட்டை. அங்கேதான் எண்களும் குறிகளும் பொடி எழுத்தில் இருக்கும். அதை ரேகை அக்காவைவிட வேகமாகப் படிப்பவர் யாரும் இல்லை. அவர் அதைப் புத்தகத்தில் கற்றவர் இல்லை. பத்தொன்பது வயதில் ஒரு இசைத்தட்டுத் தொழிற்சாலையின் முலாம் அறையில் வேலைக்குச் சேர்ந்து, ஏழு வருடம் நிக்கல் தொட்டிகளுக்கு நடுவே நின்றவர்.

முலாம் அறைக்கு ஒரு விசித்திரம் உண்டு. அச்சில் எல்லாமே கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி இருக்கும். பள்ளம் மேடாகும், மேடு பள்ளமாகும். அங்கே சேர்கிற புதுப் பெண்கள் முதல் மாதம் எண்களைத் தப்பாகப் படித்துத் திட்டு வாங்குவார்கள். அக்கா ஒரே வாரத்தில் பழகினார். பிறகு பேருந்து எண்களைத்தான் தப்பாகப் படித்தார். இருபத்தொன்று என்று நினைத்துப் பன்னிரண்டில் ஏறி ஒருநாள் ஒரு சிமென்ட் ஆலை வாசலில் இறங்கியிருக்கிறார்.

மாடியில் ஒலி வெட்டும் அறை. அங்கே உட்கார்ந்து அரக்குத் தட்டில் ஊசி ஓட்டியவர்தான் ஊசி. தட்டு எண்ணை வெற்றுப் பட்டையில் கையால் கீறுவது அவர் வேலை. வெட்டிய தட்டு பெட்டியில் வைத்து நேரே கீழே முலாம் அறைக்குப் போகும். ஒருநாள் எண்ணுக்குப் பக்கத்தில் அவர் பொடியாக ஒரு சொல் கீறி அனுப்பினார்: 'சாப்பிட்டாச்சா?'

அக்கா பெட்டியோடு வரும் சீட்டில் பதில் எழுதி மேலே அனுப்பினார்: 'ஆச்சு.'

அடுத்து 'மழை'. அடுத்து 'தலைவலி'. எல்லாம் அரக்கில் கீறியவை. அதனால் எல்லாமே தட்டுகளில் அச்சாகி ஊரெங்கும் போயின. இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் 'மழைத் தட்டு', 'தலைவலித் தட்டு' என்று பெயர் வைத்துத் தேடுகிறார்கள். 'சாப்பிட்டாச்சா' என்பது ஒரு ரகசியத் தயாரிப்புக் குறியீடு என்று ஒருவர் நாற்பது பக்கத்துக்கு எழுதி அச்சிட்டு இதே சந்தையில் விற்றார். அக்கா ஒரு பிரதி வாங்கிக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுச் சொன்னார்: "நல்லா உழைச்சிருக்காரு. உண்மையைச் சொல்லி மனசை உடைக்க வேண்டாம்."

இப்போது வழக்குக்கு வருவோம். முப்பத்தாறு வருடமாக ஒரே வீட்டில் நடக்கும் வழக்கு.

ஒரு உடற்பயிற்சித் தட்டு வெட்ட வந்தது. கையைத் தூக்கு, காலை மடக்கு என்று ஒருவர் அதட்ட, பின்னால் டிரம்மும் அக்கார்டியனும் பொளந்து கட்டும். அந்தத் தட்டின் வெற்றுப் பட்டையில் ஊசி கீறினார்: 'கட்டிக்கலாமா?'

அக்காவுக்குக் கை நிக்கல் தொட்டியில் விழாத குறை. இந்தப் பதிலைச் சீட்டில் எழுத முடியாது. சீட்டை ஃபோர்மேன் படிப்பார், படித்துவிட்டுச் சத்தமாகவும் படிப்பார். யோசித்தார். ஒவ்வொரு புதுத் தட்டிலும் ஒரு மாதிரிப் பிரதி சரிபார்ப்புக்காக மாடிக்குப் போகும். எனவே கொண்டை ஊசியை எடுத்து, தயாரான உலோக அச்சிலேயே, அவருடைய கேள்விக்குப் பக்கத்தில் பதிலைக் கீறிவிட்டார்.

இது அக்கா தரப்பு. ஊசி தரப்பு ஒரே வரி: "எனக்குப் பதிலே வரலை."

பதில் வராமல் மூன்று மாதம் தாடி வளர்த்து, பிறகு தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு பெண் வீட்டு வாசலில் போய் நின்றார். கதவைத் திறந்த பெண் கேட்ட முதல் கேள்வி: "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" திட்டுகிறாள் என்று நினைத்து அவர் திரும்பப் பார்க்க, கூட வந்த சகோதரி அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். கல்யாணம் நடந்தது. வழக்கு மட்டும் முடியவில்லை.

"மூணு மாசம் அலைய விட்டா" என்று ஊசி விருந்தாளிகளிடம் சொல்வார். வீட்டுக்குத் திரைத்துணி வாங்கப் போனால் கடைக்காரரிடம் சொல்வார்: "கல்யாணத்துக்கு மூணு மாசம் எடுத்தவங்க. நீங்க கடையைச் சாத்திட்டு வாங்க, நாங்க நிதானமா பாக்குறோம்." மகள் பட்டம் வாங்கிய மேடையருகே, கேட்காத ஆட்களிடமெல்லாம் சொன்னார். அக்கா ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்வார்: "எழுதினேன். ஒரே ஒரு 'சரி'. மரியாதையா, அடக்கமா, ஒரே ஒரு சரி."

"காட்டு."

காட்ட முடியாது. அந்த முதல் அச்சில் இருநூற்றுச் சொச்சம் பிரதி விழுந்ததுமே யாரோ புகார் கொடுக்க, ஃபோர்மேன் அதை உருக்கப் போடச் சொல்லிவிட்டார். வேலை போகப்போகிறது என்று அக்கா ஒரு வாரம் நடுங்கிக் கிடந்தார். அடுத்த அச்சில் கேள்வி மட்டும் இருந்தது. அந்தப் பிரதி ஒன்று இவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது, கேள்வி மட்டும், பதில் இல்லாமல். பல் மருத்துவரான மகள் பத்து வயதிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "சாட்சி இல்லாத கேஸு. எனக்குப் பசிக்குது."

தொழிற்சாலை மூடிய பிறகு குழாய்களுக்கு முலாம் பூசும் பட்டறையில் அக்கா இருபது வருடம் வேலை பார்த்தார். ஞாயிறுகளில் இந்தச் சந்தைக்கு வந்தார். இசைமேல் இவ்வளவு பிரியமா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று தலையாட்டுவார். உண்மையில் இருபத்தோரு வருடமாக அவர் தேடியது ஒரே ஒரு சாட்சியை.

அந்த ஞாயிறு பத்தே காலுக்கு, லிப்ட் பழுது பார்க்கும் ஒருவர் ஒரு அட்டைப்பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பதினாலாம் தூணுக்கு வந்து சேர்ந்தார். சட்டைப் பையில் ஸ்பேனர், முழங்கையில் கிரீஸ்.

"அக்கா, ஒரு கட்டடத்துல மூணாவது மாடி உடற்பயிற்சிக் கூடத்தைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. இந்தப் பெட்டியைக் கொண்டுபோய் லிப்ட் மோட்டார் அறையில போட்டிருக்காங்க. எனக்கு மோட்டார்கிட்ட போக வழியில்லை. மேனேஜர்கிட்ட கேட்டா, 'எடுத்துட்டுப் போய்த் தொலை'ன்னுட்டாரு. தொலைக்கத்தான் வந்தேன்."

ஊசி ஒன்பதாவது டீயிலிருந்து தலை நிமிர்ந்தார். "என்ன கூடம்னீங்க?"

அக்கா காதில் அது விழவில்லை. அவர் கை ஏற்கெனவே பெட்டிக்குள் இருந்தது. மேலே ஐந்தாறு நடனத் தட்டுகள், சாதாரணம். அடியில் ஒன்று. அட்டையில் அரைக்கால் சட்டை போட்ட ஒரு ஆள் இரண்டு கைகளையும் விரித்து, உலகத்தைக் கட்டிப்பிடிக்கத் தயாராக நின்றார்.

அக்கா அதை உருவினார். அட்டை ஓரங்கள் பழைய முறைப்படி பின்புறம் மடித்து ஒட்டியவை. சரி. லேபிள் மஞ்சள். பிற்பாடு வந்ததெல்லாம் நீலம். சரி. தராசில் நூற்றெழுபது கிராம். சரி. விளக்கைக் கிட்டே இழுத்தார். எண், அதன் பக்கத்தில் 'கட்டிக்கலாமா?' அது எல்லாப் பிரதியிலும் இருப்பதுதான். அவர் ஆள்காட்டி விரல் நகத்தைப் பட்டையில் வைத்து மெதுவாக ஓட்டினார்.

இசைத்தட்டில் கீறிய எழுத்து எல்லாம் பள்ளமாக இருக்கும். நகம் அதில் இறங்கும். கேள்வியில் நகம் இறங்கியது. கேள்வியைத் தாண்டியதும், ஏறியது.

மேடு. அச்சில் கீறினால்தான் தட்டில் மேடு வரும்.

அக்கா நகத்தை மறுபடி ஓட்டினார். அவர் வரிசையில் காத்திருந்த நாலு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஏனென்றால் அக்கா பத்து செகண்டுக்குமேல் எந்தத் தட்டையும் பார்த்ததில்லை. இது ஒரு நிமிடத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"என்னாச்சுக்கா?" என்றார் லிப்ட்காரர். "வெடிக்குமா?"

"என்னங்க, இங்க வாங்க" என்றார் அக்கா, திரும்பாமல். "டீயை வச்சுட்டு வாங்க."

ஊசி வந்தார். அட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது. "அந்தத் தட்டா?"

"அந்தத் தட்டுதான். முதல் அச்சு. இன்னைக்கு உங்க கேஸ் தீருது." அக்கா பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். வெற்றிக் களை முகத்திலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது. அங்கே எழுத்து எதுவும் இல்லை. கொக்கி கொக்கியாக, சுழி சுழியாக ஏதோ ஒரு கிறுக்கல். எந்த எழுத்தும் இல்லை.

ஊசி எட்டிப் பார்த்தார். "இதுவா உன் சரி? கோழி கிளறின மாதிரி இருக்கு."

"இருங்க."

"முப்பத்தாறு வருஷமா இதையா எழுதினேன், எழுதினேன்னு சொன்னே?"

"இருங்கன்னு சொல்றேன்ல!"

கோட்டுக்காரர் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். "அடடே, அச்சுக் கீறல். பாதி விலைதான் போகும். நான் எடுத்துக்கட்டுமா?"

"நீங்க ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு டீ குடிங்க" என்றார் அக்கா. தான் எழுதவே இல்லையோ? பயத்தில் கை கிறுக்கியதைத்தான் இத்தனை வருடம் எழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தாரோ? வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் ஏதாவது தெரியுமா என்று மகள் கொடுத்த பல் டாக்டர் கண்ணாடியை எடுத்தார். விளக்கொளியைத் திருப்பி மேட்டின்மேல் அடிக்கத்தான் எடுத்தார். கண்ணாடி தட்டுக்குமேல் சாய்ந்தது. அக்காவின் கண் தற்செயலாகத் தட்டை விட்டுக் கண்ணாடிக்குள் போனது.

பிறகு நடந்ததைப் பதினாலாம் தூணைச் சுற்றி இருந்தவர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். அக்கா கத்தினார் என்கிறார் ஒருவர். நாற்காலியில் ஏறி நின்றார் என்கிறார் இன்னொருவர். இரண்டும் நடந்தன. அறுபத்திரண்டு வயதில், மடக்கு நாற்காலியில், ஒரு கையில் தட்டும் மறுகையில் பல் கண்ணாடியுமாக ஏறி நின்று அவர் சிரித்த சிரிப்பில், முப்பதாம் தூண்வரை பேரம் நின்றுபோனது.

"நேரா எழுதிட்டேன்!" என்று கத்தினார். "அச்சுல நேரா எழுதிட்டேன்! திருப்பி எழுதணும்! ஏழு வருஷம் வேலை பாத்தவ, புதுசா வந்த பொண்ணுங்களையெல்லாம் திட்டினவ, என் சொந்தப் பதிலை நேரா எழுதித் தொலைச்சிருக்கேன்!"

அச்சில் நேராக எழுதினால் தட்டில் இடவலம் மாறி விழும். முலாம் அறையில் அது பாலபாடம். அந்தப் பாடத்தில் அக்கா தவறியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை.

"இறங்கு முதல்ல, விழுந்துடப் போறே" என்றார் ஊசி.

"கேஸ் தோத்ததும் அக்கறையா?"

வரிசை உருவாகிவிட்டது. யார் ஒழுங்கு செய்தார்கள் என்று தெரியவில்லை. சந்தைக்காரர்களுக்கு வரிசை பழக்கம். ஒவ்வொருவராகக் குனிந்து, பல் கண்ணாடியைப் பிடித்து, படித்து, நிமிர்ந்து, சிரித்துக்கொண்டு நகர்ந்தார்கள். லிப்ட்காரர் தன் தட்டைத் தானே பார்க்க ஏழாவது ஆளாக நின்றார். நாற்பது பக்கக் குறியீட்டு ஆராய்ச்சியாளர் எங்கிருந்தோ வந்து, பார்த்து, முகம் வெளுத்து, "அப்போ 'சாப்பிட்டாச்சா'?" என்று கேட்டார்.

"சாப்பாட்டைத்தான் கேட்டேன்" என்றார் ஊசி. "மன்னிச்சுக்குங்க."

கடைசியாக ஊசியின் முறை. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, பல் கண்ணாடியையும் துடைத்து, ஒரு வக்கீலின் நிதானத்தோடு குனிந்தார். நிமிரவில்லை. அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று கோட்டுக்காரர் பயந்தார். இல்லை.

"ஒரே ஒரு சரின்னு சொன்னியே?" என்றார் ஊசி.

"ஆமா."

"மரியாதையா, அடக்கமா?"

"ஆமாங்கறேன். இப்போ என்ன?"

"மூணு இருக்கு."

"எது?"

"சரி. சரி. சரி. மூணு! கமா கூட இல்லை!"

அக்கா தட்டைப் பிடுங்கிப் பார்த்தார். கண்ணாடியை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். மூன்றுதான். முதல் சரியைப் பார்த்த சந்தோஷத்தில் நாற்காலி ஏறியவர், மீதி இரண்டையும் பார்க்கவே இல்லை. கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது.

"கொண்டை ஊசி வழுக்கியிருக்கும்" என்றார்.

"ரெண்டு தடவை, அதே எழுத்தா வழுக்குமா?"

"மூணு சரின்னா அவ்வளவு அவசரமாக்கா?" என்று வரிசையில் யாரோ கேட்க, சிரிப்பு கூரையில் முட்டித் திரும்பியது. கார் நிறுத்தங்களில் எதிரொலி அதிகம்.

அக்கா தப்பிக்க ஒரு வழி தேடினார், கிடைத்தது. "அதை விடுங்க. இதை நீங்க அன்னைக்கே பாத்திருக்கணுமே? மாதிரிப் பிரதி மாடிக்கு வந்திருக்குமே?"

ஊசி சிரிப்பை நிறுத்தினார். ரொம்பச் சட்டென்று நிறுத்தினார். டீயை எடுத்தார். டம்ளர் காலி. காலி டம்ளரைக் குடித்தார்.

"என்னங்க?"

"வந்துச்சு."

"பாத்தீங்களா?"

"ஒரு கிறுக்கல் இருந்துச்சு. அது நீ எழுதினதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தலைகீழா சொன்னா எவனுக்குத் தெரியும்?"

"தலைகீழா இல்லை, இடவலம். சரி, பாத்துட்டு என்ன பண்ணீங்க?"

லிப்ட்காரர் ஸ்பேனரைப் பையிலிருந்து எடுத்துத் திரும்ப வைத்தார்.

"வேலைன்னா வேலைதானே" என்றார் ஊசி. "வெற்றுப் பட்டையில கீறல் இருந்தா எழுதிக் கொடுக்கணும். எழுதிக் கொடுத்தேன். 'முதல் அச்சு சேதம், உடனே நீக்கவும்'னு."

அக்காவுக்குப் புரிய மூன்று செகண்டு ஆனது. "அந்தப் புகார், நீங்களா?"

"ஒரு நாளைக்கு நாலு புகார் எழுதுவேன். எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்க முடியுமா? இப்பத்தான் உறைக்குது."

"நான் ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாம, வேலை போயிடும்னு நடுங்கினேன். அந்த அச்சை என் கையாலேயே உருக்கப் போட்டேன். நான் சரி சொன்னதை, நீங்க சேதம்னு புகார் கொடுத்து, நீக்கச் சொல்லிட்டு, மூணு மாசம் தாடி வளர்த்துட்டு, முப்பத்தாறு வருஷமா என்னையே…" அக்காவால் முடிக்க முடியவில்லை. சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வந்து பேச்சை உடைத்தது. ஊசியும் சிரித்தார். கோட்டுக்காரர் கோட்டைக் கழற்றிவிட்டார். அவரைக் கோட்டில்லாமல் அன்றுதான் சந்தை பார்த்தது.

கழற்றினாலும் வியாபாரி வியாபாரிதான். "அக்கா, எல்லாம் நல்லா இருக்கு. விலை என்ன?"

சிரிப்பு அடங்கியது. அட்டை அங்கேதான் நின்றது. விலை சொல்வேன், வாங்க மாட்டேன். அக்கா அதைப் பார்த்தார், லிப்ட்காரரைப் பார்த்தார், இருபத்தோரு வருடம் தேடிய தட்டைப் பார்த்தார். குறைத்துச் சொல்லிவிட்டுக் கணவரை விட்டு வாங்க வைப்பது எவ்வளவு சுலபம். அவ்வளவு சுலபம் என்பதாலேயே அவர் வாய் அதைச் சொல்லாது.

"முதல் அச்சுல மொத்தமே இருநூத்துச் சொச்சம்தான்" என்று லிப்ட்காரரிடம் சொன்னார். "டிரம்முக்காக இதை டிஜேக்கள் அடிச்சுக்கிறாங்க. கீறல் சேதம் இல்லை, கையெழுத்து. அதனால விலை ஏறும்." தொகையைச் சொன்னார். லிப்ட்காரர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அக்கா மறுபடி சொன்னார். லிப்ட்காரர் பெட்டியின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் குறைச்சுச் சொல்லியிருக்கலாம்" என்று முணுமுணுத்தார் ஊசி.

"தொழில்ல பொய் சொல்ல மாட்டேன்."

"நான் எடுத்துக்கறேன். காசு இப்பவே" என்றார் கோட்டுக்காரர்.

"நில்லுங்க" என்றார் ஊசி. "வாங்க மாட்டேன்னு எழுதி வச்சிருக்கிறது அவ. நான் இல்லை." கோட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஆறு வருஷமா என் 'மழைத் தட்டு'க்கு அலையுறீங்களே, எடுத்துக்குங்க. இதுக்கு உண்டான காசை இவர் கையில கொடுங்க."

கோட்டுக்காரர் வாய் திறந்தது. 'மழைத் தட்டு' ஊசியின் அலமாரியில் பூட்டுப் போட்டு இருப்பது. மகள் தொடக்கூட அனுமதி கேட்க வேண்டும். "நிஜமாவா? உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே வாங்குறீங்களா?"

"வெளியில விட்டா ஊரெல்லாம் படிப்பாங்களே."

"ஊரெல்லாம் படிச்சாச்சுண்ணே" என்றார் லிப்ட்காரர் பெட்டிமேலிருந்து.

பேரம் முடிந்தது. எட்டாம் தூண்காரர் ஒரு சின்ன ரெக்கார்டு பிளேயரைக் கொண்டுவந்து வைத்தார். இவ்வளவு அமளியில் இதை இன்னும் யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அக்கா தலையில் கை வைத்தார். "ஓட்டிப் பாக்காமலே விலை சொல்லிட்டேன். இதுதான் முதல் தடவை."

ஊசி பிளேயரின் முள்ளைத் தட்டின்மேல் இறக்கினார். ஒரு கரகரப்பு. டிரம் வெடித்தது. அக்கார்டியன் துள்ளி ஏறியது. ஒரு ஆண் குரல் அதட்டியது: "தயார்! முதுகை நேராக்கு! இரண்டு கைகளையும் மேலே தூக்கு!"

முதலில் தூக்கியது லிப்ட்காரர். பிறகு ஆராய்ச்சியாளர். பிறகு தூணுக்குத் தூண் கைகள் எழுந்தன. பெட்டிகளுக்கு நடுவே, விலைச்சீட்டுகளைப் பிடித்தபடி, முதல் தூண்வரை கைகள். ஊசியும் தூக்கினார். பத்து டீ உள்ளே இருந்ததால் எல்லோரையும்விட வேகமாகத் தூக்கினார்.

"இரண்டு கைகளையும் மேலே தூக்கு!" என்றது தட்டு. "இரண்டு கைகளையும் மேலே தூக்கு! இரண்டு கைகளையும் மேலே…"

முள் அதே வரியில் சிக்கிக்கொண்டு சுற்றியது. அடுத்த கட்டளை வரவே இல்லை.

"சிக்குதே!" என்றார் ஊசி, கைகளை இறக்காமல். "சிக்குற தட்டுக்கா இவ்வளவு விலை சொன்னே? என் மழைத் தட்டு!"

"ஆமா, சிக்குது. கொஞ்சம் குறைச்சிருக்கணும்" என்றார் அக்கா. பிளேயருக்கு மிக அருகில் நின்றவர் அவர்தான். முள்ளை ஒரு விரலால் தட்டினால் போதும். அவர் மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிரே உட்கார்ந்து, சந்தை நடுவில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கும் தன் கணவரைத் தலை முதல் கால்வரை நிதானமாகப் பார்த்தார்.

"முள்ளை எடேன்."

"எடுக்கறேன்" என்றார் அக்கா. "என்ன அவசரம்? ஒரு மூணு மாசம் போகட்டும்."